மதகு யாருடையது?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இலங்கை முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மலைநாட்டில் மண் சரிந்து ஊர்களை மூடியது. திருகோணமலை மாவட்டத்தில் எங்களைத் தேடி வந்தது மகாவலி ஆறு. மலையில் பெய்த மழையெல்லாம் கொட்டியாரக் குடாவையும் வெருகல் முகத்துவாரத்தையும் நோக்கி இறங்கியபோது, நவம்பர் 30 அன்று மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்தது. வெருகல், சேருவில, மூதூர் பிரதேசங்களின் தாழ்ந்த பகுதிகள் நீருக்குள் போயின. அந்த நாட்களின் மீட்புப் பணியைப் பற்றிக் குறைகூற எனக்கு அதிகம் இல்லை; முப்படையினரும் படகுக்காரரும் அயலவரும் செய்ததை எல்லோரும் அறிவர். நான் எழுத விரும்புவது அதற்குப் பிந்திய மாதங்களைப் பற்றி. வெள்ளம் வடிந்த பிறகு வீதியையும் வாய்க்காலையும் வீட்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது யாருடைய கடமை, அதற்குரிய பணம் யாருடைய கையில் இருக்கிறது, வேலை நடக்காவிட்டால் நாம் யாரைக் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த நாட்டில் ஒரே விடை இல்லை என்பதுதான் என் மனத்தில் கிடக்கும் விடயம்.

மூதூர்ப் பக்கத்தில் என் சின்னம்மாவின் குடும்பம் பெரும்போகம், அதாவது மாரிக்கால நெல், செய்கிறது. அவர்களுடைய வயலுக்குப் போகும் கிரவல் வீதியில் ஒரு மதகு இருந்தது. இரண்டு ஹியூம் பைப்புகளை அருகருகே வைத்து, இருபுறமும் கருங்கல் கட்டி, மேலே கிரவல் பரப்பிய சாதாரண மதகு. வெள்ளம் ஒரு பைப்பை வாய்க்காலுக்குள் உருட்டிவிட்டது. மற்றையது வாயைப் பிளந்தபடி கிடந்தது. நடுவில் ஒரு உழவு இயந்திரம் இறங்கினால் ஏற முடியாத அளவுக்குப் பள்ளம். ஊரார் பனங்குற்றிகளைக் குறுக்கே போட்டு, மணல் மூட்டை அடுக்கி, மோட்டார் சைக்கிள் போகும்படி செய்துவிட்டார்கள். ஆனால் அறுவடை இயந்திரம் மோட்டார் சைக்கிள் அல்லவே.

ஒரு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அளந்து, படம் எடுத்து, வாய்க்காலின் ஒதுக்கிடத்துக்குள் பைப் இருப்பதால் அது தங்களுடைய வேலை அல்ல என்றார்கள். இன்னொரு அலுவலகத்தார் வாய்க்கால் நன்றாகத்தான் இருக்கிறது, வீதியின் அணைதான் பழுதடைந்திருக்கிறது என்றார்கள். மூன்றாவதாக வந்தவர் பிரதேச சபை உறுப்பினர். அவர் ஒருவர்தான் வெறுங்கையோடு வரவில்லை. மணல் மூட்டைக்கு வெற்றுச் சாக்குகள் கொண்டுவந்தார். “பெக்கோ ஒண்டு கொண்டு வந்தா ஒரு நாள் வேலை அண்ணை. ஆனா டீசலுக்கே சபையில வவுச்சர் எழுத ஏலாமக் கிடக்கு” என்று சின்னம்மாவின் மகனிடம் சொன்னாராம். மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கோப்பின்படி ஒவ்வொருவர் சொன்னதும் சரி. அதனால்தான் இதை ஒரு தனி அலுவலகத்தின் குற்றமாக நான் எழுதவில்லை.

விதிகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு. எஞ்சிய ஒழுங்கைகளும் கிரவல் வீதிகளும் பெரும்பாலும் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றத்துக்கு. நீரைப் பொறுத்தவரை, 80 ஹெக்டேயருக்குக் குறைவான நிலத்துக்குப் பாயும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் கையில். ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடாக ஓடும் ஆறுகளின் திட்டங்கள் முழுக்க மத்திய அரசுக்கு. மகாவலி மத்திய மாகாணத்தில் பிறந்து எங்கள் கடலில் விழுவதால் அதன் அணைகளைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை கிழக்கு மாகாணத்துக்கு இல்லை. இருக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன், ஏனெனில் மேலே கதவு திறப்பவரும் கீழே வெள்ளம் வாங்குபவரும் ஒரே கட்டளையின் கீழ் இருந்தாக வேண்டும். ஆனால் அந்த ஆற்றின் வெள்ளம் உடைத்த மதகு எட்டடி அகலமுள்ள ஒரு கிரவல் வீதியில் கிடக்கிறது. அதைக் கட்டிக்கொடுக்கும் கடமை அதிகாரப் படிநிலையின் கடைசியில் நிற்கும், கையில் காசில்லாத சபையின் தலையில் வந்து விழுகிறது.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்ததும் கிணறுகள் இறைத்துச் சுத்தமாக்கப்பட்டன. நீர்ப் பம்பி கொண்டுவந்து சேற்று நீரை வெளியேற்றினார்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போட்டார், சபையின் பவுசர் குடிநீர் கொண்டுவந்தது. எவரும் எவருக்கும் கடிதம் எழுதவில்லை. அது யாருடைய வேலை என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை என்பதே காரணம். பணம் குறைவாக இருந்தும் அந்த வேலை முடிந்தது.

நிவாரணப் பணத்தின் வழி இன்னொன்று. வீடு சுத்தம் செய்ய 25,000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. இந்தப் பணம் கொழும்பிலிருந்து மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து கிராம உத்தியோகத்தரான ஜீ.எஸ். தயாரிக்கும் பட்டியலின்படி மக்களுக்கும் வருகிறது. இந்தச் சங்கிலியில் உள்ள ஒவ்வொருவரும் மத்திய அரசின் உத்தியோகத்தர். பழைய அரசாங்க அதிபரின் அதிகாரங்கள் 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச செயலாளர்களுக்கு இறங்கியபோது அதிகாரம் மக்களுக்கு அருகே வந்தது உண்மை. ஆனால் அது மக்களின் பிரதிநிதிகளிடம் வரவில்லை, மேலதிகாரியிடமிருந்து கீழதிகாரியிடம் வந்தது. எந்த வீட்டில் எத்தனை குடும்பம் இருக்கிறது, எவர் வாடகைக்கு இருக்கிறார், எவர் வேலைக்காகக் கொழும்பில் நிற்கிறார் என்றெல்லாம் அறிந்த சபை உறுப்பினர் பட்டியலைப் பற்றிப் பேசலாம், முறையிடலாம். முடிவெடுக்கும் கையொப்பம் அவருடையதல்ல. பெயர் விடுபட்டவர் வாக்களித்துத் தெரிவு செய்தவரிடம் போனால் அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவரிடம் போனால் சுற்றறிக்கையில் இல்லை என்கிறார். சுற்றறிக்கை எழுதியவரை மூதூரிலிருந்து எப்படிப் போய்ப் பார்ப்பது?

இப்போது நடுவில் உள்ள மாகாணத்துக்கு வருகிறேன். 1987 இன் 13 ஆவது திருத்தம் வெள்ளம், வரட்சி, கொள்ளைநோய் போன்றவற்றால் துன்பப்படுவோருக்கு நிவாரணம் அளிப்பதையும் அவர்களுடைய புனர்வாழ்வையும் மத்தியும் மாகாணமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொது நிரலில் வைத்தது. அதாவது அரசியலமைப்பு மாகாணத்தை இதிலிருந்து ஒதுக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிறைவேற்றப்பட்ட 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், ஜனாதிபதி தலைமையிலான தேசிய சபையில் எதிர்க்கட்சித் தலைவருக்கும் மாகாணங்களின் முதலமைச்சர்களுக்கும் இடம் கொடுத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டம்பரோடு முடிந்தது. அதே ஆண்டில் தேர்தல் முறையை மாற்றிய சட்டத் திருத்தமும், அதற்காகத் தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் நாடாளுமன்றம் நிராகரித்ததும் சேர்ந்து தேர்தலை முடக்கிவிட்டன. 2019 இறுதிக்குள் ஒன்பது மாகாண சபைகளும் வெறுமையாகின. ஆகவே டித்வா வந்தபோது அந்தத் தேசிய சபையில் முதலமைச்சர்களுக்கென இருந்த ஒன்பது நாற்காலிகளுக்கும் ஆள் இல்லை. கிழக்கை ஆள்பவர் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்.

மாகாணத்தின் தலைமைச் செயலகம் இருப்பது எங்கள் திருகோணமலை நகரத்தில். மாகாண வீதிகளையும், மாகாணப் பாடசாலைகளையும், பிரதேச வைத்தியசாலைகளையும் பார்க்கும் பொறியியலாளரும் பணிப்பாளரும் எங்கள் ஊரில்தான் காலையில் அலுவலகம் போகிறார்கள். அவர்களில் பலர் வெள்ளத்தின்போது ஓய்வின்றி வேலை செய்தார்கள். ஆயினும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியது ஆளுநருக்கு. ஆளுநர் பதில் சொல்ல வேண்டியது கொழும்புக்கு. ஒரு முதலமைச்சர் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். 2008 தொடக்கம் 2017 வரை இங்கே இருந்த சபைகளின் காலத்திலும் மதகுகள் உடைந்து கிடந்தன. 2010 இறுதியிலும் 2011 தொடக்கத்திலும் வந்த வெள்ளம் கிழக்கையே மூழ்கடித்தது. ஆனால் அப்போது சபையில் எழுந்து கேள்வி கேட்க எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவராவது இருந்தார், பத்திரிகையில் மறுநாள் அது வந்தது. இன்று அந்தக் கேள்வியைக் கேட்கும் இடமே இல்லை.

மாகாணம் வெறுமையாக இருக்கும்போது பேரழிவு வருவது எங்களுக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்றும் அதே நிலைதான்; 1990 இல் கலைக்கப்பட்ட வடகிழக்கு மாகாண சபைக்குப் பதிலாக ஆளுநர் நிர்வாகமே அப்போதும் நடந்தது. மீள்கட்டமைப்புக்கென்று கொழும்பில் விசேட செயலணிகள் அமைக்கப்பட்டன. கடற்கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் மீண்டும் வீடு கட்டக் கூடாது என்று ஒரு தடை வந்தது. நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கரைவலைக்காரர் கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பது வாழ்வாதாரத்தினால் என்பதைக் கேட்க ஒரு மேசை இருக்கவில்லை. ஏன் எங்களுக்கு மட்டும் இரண்டு மடங்கு என்று கேட்டவர்களுக்கும் சரியான விளக்கம் கிடைக்கவில்லை. அந்தத் தடை பின்னர் தளர்த்தப்பட்டது. அதற்குள் பலர் தற்காலிகக் கொட்டில்களில் ஒரு ஆண்டைக் கழித்துவிட்டார்கள்.

அந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சியாக அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 அன்று சுனாமிப் பொதுக்கட்டமைப்பில் கையொப்பமிட்டனர். மேலே ஓர் உயர்மட்டக் குழு, நடுவில் பிராந்தியக் குழு, கீழே மாவட்டக் குழுக்கள் என்று மூன்று அடுக்குகள். அதை எதிர்த்து கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. அரசாங்கத்திலிருந்து விலகியது, உயர் நீதிமன்றம் ஜூலை 15 அன்று பிராந்திய நிதியம் உள்ளிட்ட முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அத்தோடு அது செயற்படாமலே போனது. அந்த உடன்படிக்கையில் முஸ்லிம்களைக் கையொப்பமிடும் தரப்பாகச் சேர்க்காதது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன், குறிப்பாகத் திருகோணமலை, அம்பாறை மாவட்டங்களில் அவர்கள் பட்ட இழப்பை நினைத்தால். ஆனால் அதை இறைமைக்கு ஆபத்து என்று எதிர்த்தவர்கள், அதற்குப் பதிலாக மாகாணத்தில் சட்டப்படியான, தெரிவு செய்யப்பட்ட எந்த அமைப்பையும் முன்வைக்கவில்லை. பிராந்தியத்தின் கையில் பணம் போகலாமா என்ற கேள்விக்கு விடை காணாமலே இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

வெளிநாடுகளைப் பார்த்தால், அமெரிக்காவில் இதே விவாதம் வேறு திசையில் நடக்கிறது. அங்கே 1988 இன் ஸ்டாஃபோர்ட் சட்டப்படி, அழிவைச் சமாளிப்பது முதலில் உள்ளூராட்சியின் பொறுப்பு, அதற்கு முடியாவிட்டால் மாநிலத்தின் பொறுப்பு. தன் சக்திக்கு மீறிவிட்டது என்று ஆளுநர் எழுத்தில் கேட்டால், ஜனாதிபதி பேரழிவாகப் பிரகடனம் செய்து மத்திய உதவியைத் திறந்துவிடுவார். பழுதடைந்த பொதுக் கட்டுமானங்களைத் திருத்தும் செலவில் குறைந்தது 75 வீதத்தை மத்திய அரசு ஏற்கும். 2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஓர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நகர முதல்வரும் மாநில ஆளுநரும் மத்திய அரசும் ஒருவர் மீது ஒருவர் பழிபோட்டதை உலகமே பார்த்தது. ஆகவே எழுதிய ஒழுங்கு இருந்தால் போதும் என்றில்லை. 2025 இல் ஜனாதிபதி ட்ரம்ப் மாநிலங்களும் உள்ளூராட்சிகளும் கூடுதல் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று நிறைவேற்று ஆணை பிறப்பித்து, மத்திய அவசரகால முகவரகமான ஃபீமாவையே மீளாய்வு செய்யக் குழு அமைத்தார். தனக்கென்று வருமான வரியும் வரவுசெலவுத் திட்டமும் வைத்திருக்கும் ஒரு பெரிய மாநிலத்திடம் அப்படிச் சொல்வதில் ஒரு வாதமாவது இருக்கிறது; ஏழை மாநிலம் என்ன செய்யும் என்று அங்கேயே கேட்கிறார்கள். அதே வாசகத்தை இங்கே எடுத்துவந்து, மக்களுக்கு அருகில் உள்ளவரே பொறுப்பேற்க வேண்டும் என்று வெருகல் பிரதேச சபையிடம் சொன்னால், அது கடமையை மட்டும் கொடுத்துவிட்டுப் பணப்பையைக் கொழும்பிலேயே வைத்துக்கொள்வதாக முடியும்.

எங்களுக்குப் பொருத்தமான பாடம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒவ்வோர் ஆண்டும் புயலில் அடிபடும் நாடு அது. அங்கே 2010 இல் வந்த 10121 ஆம் இலக்கக் குடியரசுச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளூராட்சியும் தன் வழமையான வருமானத்தில் 5 வீதத்துக்குக் குறையாத தொகையை அனர்த்த நிதியாக ஒதுக்க வேண்டும். அதில் 30 வீதம் உடனடிச் செலவுக்கு. மீதி முன்னாயத்தத்துக்கும் மீள்கட்டமைப்புக்கும். செலவாகாத பணம் ஆண்டு முடிவில் திரும்பிப் போகாது. தனி நம்பிக்கைக் கணக்கில் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விதிதான். வெள்ளம் வராத ஆண்டில் மிஞ்சிய பணம் வெள்ளம் வரும் ஆண்டுக்காகக் காத்திருக்கிறது. இந்தியாவிலும் மாநில அனர்த்த நிதியில் பெரும் பங்கை மத்தி முன்கூட்டியே கொடுத்து வைப்பதால், முதல் வாரச் செலவுக்கு எவரும் டெல்லியின் வாயைப் பார்க்க வேண்டியதில்லை. பெரிய தொகைக்குத்தான் சண்டை.

இதற்கு எதிராக எங்கள் மாவட்டத்தில் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. இது தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த கிராமங்களில் வாழும் மாவட்டம். பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளில் எதன் எல்லையை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு பழைய மனத்தாங்கல் இருக்கும். சபைக்குப் பணம் போனால் தலைவர் தன் வட்டாரத்துக்கும் தன் ஆட்களுக்கும்தான் கொடுப்பார், மத்திய உத்தியோகத்தரே நடுநிலை என்று பலர் நம்புகிறார்கள். இந்த அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் நடுநிலை என்பது யார் பட்டியல் எழுதுகிறார் என்பதில் மட்டும் தங்கியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எழுதிய பட்டியல் எங்கே ஒட்டப்படுகிறது, அதை எதிர்த்து எத்தனை நாளுக்குள் யாரிடம் முறையிடலாம் என்பதிலும் தங்கியிருக்கிறது. வீட்டு இழப்பீட்டைக் கணக்கிடும் வேலை ஜீ.எஸ். கையிலேயே இருக்கட்டும். அந்தப் பட்டியல் பிரதேச சபையின் பகிரங்கக் கூட்டத்தில் வைக்கப்பட்டு, எல்லாக் கட்சி உறுப்பினரின் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டு, மூன்று மொழிகளிலும் ஒட்டப்பட்ட பிறகு கச்சேரிக்குப் போகட்டும். ஒரே சமூகத்தார் மட்டும் நிறைந்த அறையில் எழுதிய பட்டியலைவிட அது நியாயமாக இருக்கும்.

மாவிலாற்றின் அணையை மீளக் கட்டுவதும், கொட்டியாரக் குடாவுக்கு வரும் வெள்ளத்தை மேலிருந்து கட்டுப்படுத்துவதும், வெளிநாட்டுக் கடன் பெறுவதும் மத்தியின் வேலை. அதில் எனக்குத் தகராறு இல்லை. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது. பெரிய அணையைச் சிறிய சபை பார்க்க முடியாது என்பதை எங்களுக்கு எவரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. மாகாண வீதிக்கும் பாடசாலைக் கூரைக்கும் உரிய பங்கு, மாகாணங்களுக்கு நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதி ஆணைக்குழுவின் சூத்திரத்திலேயே முன்கூட்டி எழுதப்பட வேண்டும், ஆளுநரின் தொலைபேசி அழைப்பில் தங்கியிருக்கக் கூடாது. அதைக் கேட்டு வாங்க மாகாண சபைத் தேர்தல் நடந்தாக வேண்டும். தேர்தலைப் பற்றி எத்தனையோ அரசியல் காரணங்கள் பேசப்படுகின்றன; எங்களுக்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

தேர்தல் வரும்வரை பிரதேச சபைகள் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு எங்களிடம் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் மீண்டும் இருக்கிறார்கள். சபைகளின் வருமானம் வீடு வளவுக்கான சோலை வரி, உரிமக் கட்டணம், மாகாணத்தினூடாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் என்று சிறியதுதான். ஆயினும் மாரி தொடங்கும் காலத்தில்தான் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தையும் தயாரிக்கிறார்கள். அதில் அனர்த்தத் திருத்த வேலைகளுக்கு என்று ஒரு தலைப்பையும், அதற்கு நேரே ஒரு தொகையையும் எழுதும்படி எங்கள் வட்டார உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பெரிய தொகை கேட்கவில்லை. பெக்கோவுக்குச் சில நாள் டீசல், சபையின் களஞ்சிய வளவில் ஒக்டோபருக்கு முன் வாங்கி அடுக்கி வைக்கும் ஹியூம் பைப்புகள், சாக்குகள், ஒரு லொறிக் கருங்கல். அதோடு, தன் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு மதகும் எந்தத் திணைக்களத்துக்கு உரியது என்று எல்லா அலுவலகங்களும் கையொப்பமிட்ட ஒரு பதிவேடு. இருவர் உரிமை கோரினால் பிரதேச செயலாளரின் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம். எவரும் உரிமை கோராதவற்றைச் சபை தன் பெயரில் எழுதிக்கொண்டு, அதைக் காட்டி மாகாணத்திடம் பணம் கேட்கலாம். உறுப்பினர்களில் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அடுத்த அமர்வில் பிரேரணையாகக் கொண்டுவருவதாகவும், வழிமொழிவதற்கு வேறு கட்சி உறுப்பினர் ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் அதில் இருக்கிறது.